அக்கரை வேலை முடித்து வந்தவர் கடை போட்டால்…
இறக்குமதிக்கும் ஆன்லைன் விற்பனைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

செஞ்சி வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் விளைகிறது. அவற்றை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுவந்து விற்று, அந்தப் பணத்தில் கடைவீதிக்கு வந்து மளிகையும் துணியும் வாங்கிப் போகிறவர்களை நம்பித்தான் நாம் கடை வைத்திருக்கிறோம். இவர்களோடு இன்னொரு வருமானமும் நம் கடைவீதியை வாழ வைத்திருக்கிறது. அது வெளிநாட்டிலிருந்து வரும் பணம். மேல்மலையனூர்ப் பக்கம் ஆனாலும் திண்டிவனம் பக்கம் ஆனாலும், வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ பிள்ளை வேலை பார்க்கும் வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. மாதம் பிறந்தால் அந்த வீட்டு மளிகை பாக்கி தீரும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதி.

அந்தப் பிள்ளைகள் இப்போது ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். வந்தவர்களில் பலர் சொல்லும் முதல் வார்த்தை, "இறக்குமதி பண்ணி ஆன்லைனில் விற்கப் போகிறேன்" என்பதுதான். இதைக் கேட்டால் நம்மில் சிலர் சிரிக்கிறோம். சிலர் போட்டி வந்துவிட்டது என்று பயப்படுகிறோம். இரண்டும் சரியல்ல என்பது நம் எண்ணம். வருகிறவர் நம் வீட்டுப் பிள்ளை. அவர் கொண்டு வருவது பத்துப் பதினைந்து வருடம் வெயிலில் நின்று சேர்த்த பணம். அது ஒரே ஒரு சரக்கில் முடங்கிப் போகாமல் இருக்க, வியாபாரம் தெரிந்த நாம் என்ன சொல்லப் போகிறோம் என்பதே கேள்வி.

நம் வீட்டுக் கதை

ஊர்க்கதை எதற்கு, நம் வீட்டுக் கதையையே சொல்கிறோம். நம் அண்ணன் மகன் பதினான்கு வருடம் வளைகுடாவில் ப்ராஜெக்ட் வேலை பார்த்தவர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் குழாய்ப் பணி மேற்பார்வை. ஒரு ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்த ப்ராஜெக்ட் வரும் வரை ஊரில் இருப்பார். 2022-ல் ஊருக்கு வந்தவர் நம் கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"சித்தப்பா, இந்தத் தடவை திரும்பிப் போகப் போறதில்லை. புள்ளைங்க வளர்ந்துடுச்சு. சீனாவிலேருந்து சாமான் எறக்கி ஆன்லைன்ல விக்கலாம்னு இருக்கேன்."

"என்ன சாமான்டா?"

"பொம்மை. மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்கும் ஆவும், ஆன்லைனுக்கும் ஆவும்."

"கணக்குப் போட்டியா?"

"போட்டுட்டேன். அங்க பத்து ரூவா, இங்க நாப்பது ரூவா."

நமக்கு இறக்குமதி தெரியாது. ஆனால் கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் நடுவே உள்ள இடைவெளி முழுவதும் லாபம் என்று நினைத்தவன் கடை எத்தனை நாள் ஓடும் என்பது தெரியும். சென்னையில் ஒரு நல்ல கிளியரிங் ஏஜென்டிடம் அழைத்துப் போனோம். அவர் சொன்ன முதல் சேதியிலேயே பொம்மைத் திட்டம் முடிந்தது.

2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை இந்தியாவில் விற்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது. அந்த உரிமத்தை வாங்க வேண்டியது இறக்குமதி செய்கிறவர் அல்ல, பொம்மை செய்யும் வெளிநாட்டுத் தொழிற்சாலை. அதோடு, பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023 பட்ஜெட்டில் 70 ஆகவும் அரசு உயர்த்தியது. முன்பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டிருந்தால் அந்தப் பணம் போனது போனதுதான். ஏஜென்டிடம் குடித்த ஒரு டீ பல லட்சத்தைக் காப்பாற்றியது.

இது புதிய பாதை அல்ல

கடல் கடந்து போய் உழைத்தவர் திரும்பி வந்து வெளிநாட்டுச் சாமான் விற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளும் வணிக நிறுவனங்களும் நாட்டுடைமை ஆயின. தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்த தமிழர்கள் கட்டிய துணியோடு கப்பல் ஏறி வந்தார்கள். அவர்கள் சென்னை பாரிமுனை அருகே கடற்கரைச் சாலை ஓரத்தில் போட்ட கடைகளே பர்மா பஜார். 1969-ல் உருவான அந்தப் பஜாரில் "பாரின் சாமான்" வாங்குவதற்காகவே நம் ஊரிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறிப் போனது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தக் காலத்தில் பாரின் சாமானுக்கு மதிப்பு வந்தது, அது கிடைக்காததால். உரிமம் இல்லாமல் இறக்குமதி கிடையாது. 1991-க்குப் பிறகு கதவு மெல்லத் திறந்தது. 2001 ஏப்ரல் 1-ல் நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் மீதமிருந்தவையும் நீக்கப்பட்டன. அன்றிலிருந்து வெளிநாட்டுச் சரக்கு என்பதற்காக மட்டும் யாரும் கூடுதல் காசு கொடுப்பதில்லை. கையில் போன் உள்ள ஒவ்வொருவரும் விலையை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அன்று சரக்கு கிடைப்பதே லாபம். இன்று கணக்குச் சரியாக இருந்தால்தான் லாபம்.

வெளிநாட்டு வேலை நிரந்தரம் இல்லை என்பதும் புதிய பாடம் அல்ல. 1990-ல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் அளவுக்கு நம் நாட்டவர் விமானத்தில் அழைத்து வரப்பட்டார்கள். 2014-க்குப் பின் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது வளைகுடாவில் பல கட்டுமானப் பணிகள் நின்றன. 2020 மே மாதம் முதல் கொரோனா காலச் சிறப்பு விமானங்களில் மறுபடி ஒரு கூட்டம் வந்திறங்கியது. ஒவ்வொரு முறையும் வந்தவர்களில் ஒரு பகுதியினர் வியாபாரத்துக்குத்தான் வந்தார்கள். ஆகவே இந்தக் கதை இன்னும் பலமுறை நடக்கும்.

கடை வாசலுக்கு வந்து சேரும் விலை

பொம்மையை விட்ட நம் பிள்ளை, கையால் இயக்கும் காய் நறுக்கும் சாமானுக்குப் போனார். யாரோ ஒருவர் வீடியோவில் சொன்னாராம். முழு கன்டெய்னர் எடுக்காமல், பலர் சரக்கைச் சேர்த்து ஏற்றும் பங்குக் கன்டெய்னரில் எடுத்தார். அது ஒரு நல்ல காரியம். அவர் அனுபவத்தை வைத்து ஒரு கணக்கைக் கீழே தருகிறோம். எண்கள் கணக்குப் புரிவதற்காகச் சீராக்கப்பட்டவை. வரி வீதம் பொருளுக்குப் பொருள் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

சரக்கு 2,600 எண்ணிக்கை. சரக்கு விலை, கப்பல் கூலி, காப்பீடு மூன்றும் சேர்ந்து சென்னைத் துறைமுகம் வரை 4,00,000 ரூபாய். அதாவது ஒன்று 154 ரூபாய். ஆன்லைனில் அதே மாதிரிச் சாமான் 399 ரூபாய்க்குப் போகிறது. "ஒண்ணுக்கு 245 ரூவா நிக்குது சித்தப்பா" என்றார்.

இனி துறைமுகத்துக்குள் வருவோம். அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம் என்று வைத்தால் 80,000 ரூபாய். அந்த வரியின் மேல் சமூக நல மேல்வரி 10 சதவீதம், 8,000 ரூபாய். ஆக 4,88,000. இந்தத் தொகையின் மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்றால் 87,840 ரூபாய். துறைமுகத்தில் நிற்கும் முதல் 5,75,840. இதற்கு மேல் ஏஜென்ட் கூலி, சரக்குப் பெட்டக நிலைய வாடகை, லாரி, இறக்குகூலி எல்லாம் 32,000. 4 லட்சம் என்று கிளம்பியவர் கையிலிருந்து 6 லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் அந்த 87,840 ரூபாயைப் பின்னால் வரவு எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வரவு கிடையாது, அது அப்படியே அடக்க விலையில் ஏறும். வரவு எடுப்பவருக்கே அடக்கம் 5,20,000 ரூபாய். 2,600-ஆல் வகுத்தால் ஒன்று 200 ரூபாய். 154 ரூபாய்ச் சாமான் செஞ்சிக்கு வரும்போது 200 ரூபாய்ச் சாமான்.

அவருக்கு இதோடு இன்னொரு அடியும் விழுந்தது. இறக்குமதியாகும் பொட்டலத்தின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, எந்த நாட்டில் தயாரானது ஆகிய விவரங்கள் இருந்தாக வேண்டும். எடையளவுச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் இதைச் சொல்கின்றன. அவர் சரக்கில் அந்த ஸ்டிக்கர் இல்லை. சரக்கு நின்றது. ஸ்டிக்கர் அடித்து, ஆள் வைத்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து ஒட்டி வெளியே எடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வார வாடகை மேலே சொன்ன 32,000-ல் சேராதது. தொழிற்சாலைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் அங்கேயே ஒட்டி அனுப்பியிருப்பார்கள்.

திரும்பி வராததே விற்பனை

சரக்கு வந்துவிட்டது. ஆன்லைனில் ஏற்றியாகிவிட்டது. ஆர்டரும் வந்தது. தினம் இருபது பார்சல் போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாற்பது நாள் கழித்துப் பேரேட்டை எழுதி முடித்தபோது சந்தோஷம் இறங்கிவிட்டது.

399 ரூபாய் விற்பனை விலையில் ஜி.எஸ்.டி. 61 ரூபாய் போனால் மீதி 338. இதில் விற்பனைத் தளத்தின் கமிஷன் 35, டெலிவரிக் கூலி 58, அட்டைப்பெட்டியும் டேப்பும் 7, ஆக 100 ரூபாய் கழியும். மீதி 238. அடக்கம் 200. ஒன்றுக்கு நிற்பது 38 ரூபாய். 245 என்று நினைத்தது 38 ஆகிவிட்டது.

சரி, 38 ரூபாயாவது நிற்கிறதே என்றால், அடுத்தது ரிட்டர்ன். நூறு பார்சல் அனுப்பினால் பதினைந்து திரும்பி வருகிறது என்று வைப்போம். வாங்கியவர் வீட்டில் இல்லை, மனம் மாறிவிட்டது, படத்தில் பெரியதாகத் தெரிந்தது, கையில் சிறியதாக இருக்கிறது என்று காரணம் ஆயிரம். போன கூலி 58, வந்த கூலி 58, பெட்டிச் செலவு 7, ஆக ஒரு ரிட்டர்னுக்கு 123 ரூபாய். பதினைந்துக்கு 1,845 ரூபாய். அந்தப் பதினைந்தில் ஐந்து உடைந்தோ கறைபட்டோ வந்தால் அதற்கு 1,000 ரூபாய். நின்ற விற்பனை 85. அதில் லாபம் 3,230. ரிட்டர்ன் நஷ்டம் 2,845. நூறு பார்சலுக்கு மிச்சம் 385 ரூபாய்.

2,600 சாமானையும் விற்று முடித்தால் ஏறத்தாழ 10,000 ரூபாய். இதற்கு ஆறு லட்சம் ரூபாய் முதல், ஐந்தாறு மாத உழைப்பு, இரவு பத்து மணி வரை வீட்டுப் பெண்கள் பார்சல் கட்டும் வேலை. வட்டியைச் சேர்த்தால் முதலுக்கே மோசம்.

நம் மளிகைக் கடையில் விற்றது விற்றதுதான். ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கிப் போனவர் பத்து நாள் கழித்து மனம் மாறித் திருப்பித் தருவதில்லை. ஆன்லைனில் அப்படி இல்லை. அங்கே விற்றது விற்பனை ஆகாது. திரும்பி வராததே விற்பனை. இந்த ஒரு பாடத்தைப் படிக்க நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றரை லட்ச ரூபாய் செலவாயிற்று. கடைசியில் மிச்சச் சரக்கைப் பக்கத்து ஊர்ப் பாத்திரக் கடைகளுக்கு அடக்கத்துக்கும் கீழே தள்ளிவிட்டார்.

கூலியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பார்சல் கம்பெனிகள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கமான முறை. 40, 30, 25 சென்டிமீட்டர் உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் எடை 900 கிராம் என்றாலும், இந்தக் கணக்கில் அது 6 கிலோ. காற்றுக்கும் கூலி கட்ட வேண்டும். ஆகவே ஆன்லைன் சரக்கு சிறியதாக, கனமான விலையுள்ளதாக, உடையாததாக இருக்க வேண்டும்.

செஞ்சி ராஜா எழுதிய ஒப்பந்தம்

இந்த இடத்தில் நம் ஊர்ச் சரித்திரம் ஒன்றை நினைவுபடுத்துகிறோம். 1690-ல் மராட்டிய மன்னர் இராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருந்தார். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையோடு சேர்த்து, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் கம்பெனிக்கு என்று பேச்சு. எத்தனை காதம், எத்தனை காணி என்று அளவு இல்லை. கம்பெனியார் நல்ல பீரங்கியாகப் பார்த்து எடுத்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை இருந்த ஊர்கள் அவர்கள் கைக்குப் போயின. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது. அந்தக் கோட்டைதான் பின்னால் செயின்ட் டேவிட் கோட்டை.

ஆன்லைன் தளங்களில் சேரும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோம். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேர் படிக்கிறோம்? எடையில் தகராறு வந்தால் யார் சொல்வது முடிவு, உடைந்த ரிட்டர்னுக்கு எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும், பணம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், கமிஷனை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாமா, தள்ளுபடித் திருவிழா வந்தால் தள்ளுபடி யார் கையிலிருந்து போகிறது என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அளவு எழுதாத ஒப்பந்தத்தில் பீரங்கி யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததே எல்லை. செஞ்சிக்காரர்கள் இதை இரண்டாம் முறை படிக்க வேண்டியதில்லை.

கையிருப்பு எது?

இங்கேதான் நம் பிள்ளையின் கதை திரும்பியது. நஷ்டப்பட்டு மூன்று மாதம் சும்மா இருந்தவர், ஒருநாள் நம் கடைக்கு வந்த விவசாயி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவருடைய போர்வெல் மோட்டார்க் குழாயில் ஒரு வால்வு போய்விட்டது. கடைக்காரர் கொடுத்தது அளவு சேரவில்லை. நம் பிள்ளை அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். மரை எந்த வகை, விட்டம் எவ்வளவு, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அங்கேயே சொன்னார். அடுத்த நாள் சரியான சாமானைத் தேடிக் கொண்டுவந்து தந்தார்.

"டேய், பதினாலு வருசம் குழாயிலேயே இருந்துட்டு காய் நறுக்கற சாமானை எதுக்குடா தேடிப் போன?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை.

ப்ராஜெக்ட் வேலை பார்த்தவர்கள் தங்கள் முதல் என்று நினைப்பது வங்கியில் இருக்கும் பணத்தை. உண்மையில் அவர்கள் முதல், கையில் இருக்கும் தொழில் அறிவு. வரைபடம் படிக்கத் தெரியும். அளவு தெரியும். பொருளின் தரத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லத் தெரியும். ஒரு சாமான் வந்தால் சோதித்து வாங்கும் பழக்கம் உண்டு. இது வியாபாரத்துக்குப் பெரிய சொத்து. ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். ப்ராஜெக்டில் தேதி வந்தால் சம்பளம் வந்துவிடும். சரக்கு தாமதமானால் கம்பெனிக்கு நஷ்டம். வியாபாரத்தில் சரக்கு ஒரு நாள் நின்றாலும் நம் காசு நிற்கிறது.

இன்று நம் பிள்ளை மோட்டார், சொட்டு நீர்ப் பாசனம், குழாய் இணைப்பு ஆகியவற்றுக்கான உதிரிச் சாமான் விற்கிறார். பெரும்பகுதி கோவையிலும் ராஜ்கோட்டிலும் வாங்குவது. இங்கே கிடைக்காத சிலவற்றை மட்டும் சென்னை இறக்குமதியாளரிடம் வாங்குகிறார். செஞ்சியிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள ஹார்டுவேர் கடைகளுக்குச் சப்ளை. ஆன்லைனிலும் உண்டு. ஒவ்வொரு சாமானுக்கும் அளவு போட்டுப் படம் வரைந்து, எந்த மோட்டாருக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று தமிழிலும் எழுதிவிடுகிறார். தேவை தெரிந்தவரே வாங்குவதால் ரிட்டர்ன் வெகு குறைவு. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, கூலியும் குறைவு. பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. வளைகுடாச் சம்பளத்துக்கு ஈடு இல்லை. ஆனால் முதல் கரையவில்லை, மாதம் வீட்டுச் செலவு போகிறது, பிள்ளைகள் அப்பாவைத் தினமும் பார்க்கிறார்கள்.

சென்ற மாதம் ஒருநாள், "சித்தப்பா, சின்னதா ஒரு எறக்குமதி பண்ணலாமா?" என்று கேட்டார். கையில் மாதிரிச் சரக்கும், ஏஜென்ட் எழுதிக் கொடுத்த வரிக் கணக்கும் இருந்தன. இந்த முறை நமக்குப் பயம் வரவில்லை.

இறங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

நம் அனுபவத்திலும் விசாரித்துத் தெரிந்துகொண்டதிலும் முக்கியமானவற்றைத் தொகுத்துத் தருகிறோம். வெட்டி வைத்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பி வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

1. இறக்குமதிக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் தரும் ஐ.இ.சி. எண் வேண்டும். இணையதளத்தில் 500 ரூபாய்க் கட்டணத்தில் கிடைக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை அதன் விவரங்களை உறுதி செய்யாவிட்டால் எண் முடங்கும்.

2. முன்பணம் அனுப்புவதற்கு முன், அந்தச் சரக்கின் சுங்கத் தலைப்பு எண், வரி, ஐ.எஸ்.ஐ. போன்ற தரச் சான்று தேவையா என்ற விவரம் மூன்றையும் கிளியரிங் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் புதிது புதிதாக வருகின்றன. போன வருடம் வந்த சரக்கு இந்த வருடமும் வரும் என்று நம்பக் கூடாது.

3. பேரீச்சை, பாதாம் போன்ற உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமம் வேண்டும். துறைமுகத்தில் சரக்குக்கு மொத்த ஆயுளில் 60 சதவீதமாவது, அல்லது காலாவதிக்கு மூன்று மாதமாவது, இவற்றில் எது குறைவோ அது மீதமிருக்க வேண்டும். மலிவு என்று பழைய சரக்கை வாங்கினால் துறைமுகத்தோடு சரி.

4. பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், தெரிந்த போன் எண்ணில் பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். இந்த மோசடியில் பெரிய கம்பெனிகளே ஏமாந்திருக்கின்றன.

5. ஆன்லைன் தளம் நம் விற்பனையில் ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரு பிடித்தமும், வருமான வரிக் கணக்கில் ஒரு பிடித்தமும் செய்யும். முன்னது 2018 அக்டோபரில் 1 சதவீதமாகத் தொடங்கி 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதமாகக் குறைந்தது. பின்னது 2020 அக்டோபரில் தொடங்கி, 1 சதவீதமாக இருந்து, 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதமாகக் குறைந்தது. இரண்டும் நம் கணக்கில் வரவு எடுக்கக் கூடியவை. எடுக்காமல் விட்டால் நம் காசு.

6. காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரர்கள் 2023 அக்டோபர் முதல் ஆன்லைன் தளம் வழியாகப் பொருள் விற்கலாம். ஆனால் மாநிலத்துக்குள் மட்டும். வெளிமாநில ஆர்டரை எடுத்தால் திட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

7. சேமிப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் முதல் சரக்கில் போட வேண்டாம். இது சட்டம் அல்ல, பட்டவர் சொல். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது வியாபாரிக்குச் சொன்ன பழமொழி.

சங்கமும் நாமும்

ஆன்லைன் விற்பனையால் நம் சில்லறைக் கடைகள் படும் பாட்டை மே 5 வணிகர் தினம்தோறும் மேடையில் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். பெரிய முதலாளிகள் நஷ்டத்துக்கு விற்று நம் வாடிக்கையாளரை இழுப்பதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் திரும்பி வரும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் பார்சல் கட்டினால், அவரையும் அந்த முதலாளிகளையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. அவருக்குக் கணினி தெரியும், கணக்கு தெரியாது. நமக்குக் கணக்கு தெரியும், கணினி பழகவில்லை. இரண்டும் ஒரே கடையில் சேர்ந்தால் என்ன கெட்டுப்போகும்?

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை, மராட்டிய ராணுவக் கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம் ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரிய வந்திருக்கிறது. நம் மரச்செக்கு மணிலா எண்ணெயும் நம் அரிசியும் செஞ்சி என்ற பெயரோடு வெளியூர் போகக் கூடாதா? வெளியிலிருந்து சரக்கை உள்ளே கொண்டுவருவது மட்டும் வியாபாரம் அல்ல. உள்ளே இருப்பதை வெளியே அனுப்பவும் அதே பார்சல், அதே போன், அதே கணக்குதான்.

ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் மாதம் ஒரு நாள் மாலை, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களை அழைத்து உட்கார வைக்கலாம். ஒரு கிளியரிங் ஏஜென்ட், ஒரு வரி ஆலோசகர், நஷ்டப்பட்ட ஒருவர் ஆகிய மூவர் பேசினால் போதும். லாபம் சம்பாதித்தவர் பேச்சைவிட நஷ்டப்பட்டவர் பேச்சே அதிகம் பயன்படும். முதல் கூட்டத்துக்கு நம் அண்ணன் மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விற்காமல் மிச்சமான ஒரு காய் நறுக்கும் சாமானையும் கையோடு கொண்டுவருவாராம்.